பிரதி எடுக்காத பிழை



பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் திருட்டுப் போனால் மனம் ஒருவாறு ஆறிவிடும். நமது அசட்டையால் போயிற்று என்றால் ஆறுவதில்லை. அத்தகைய வருத்தம் நமக்கு 2024 ஆம் ஆண்டு நேர்ந்தது. அதை இங்கு ஒளிக்காமல் எழுதுகின்றோம். ஒரு குடும்பமேனும் இதனால் எச்சரிக்கை பெறுமானால் நமது நாணம் வீண்போகாது.

புதுச்சேரியில் கடல் கடந்த உறவு இல்லாத கத்தோலிக்கக் குடும்பங்கள் குறைவு. 1962 ஆகஸ்ட் 16 அன்று இவ்வூர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவர் நாம் சொல்லவரும் அம்மையார். அவருடைய கணவர் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் இல்லத்தைத் தெருவார் இன்றும் 'சொல்தா வீடு' என்றே அழைப்பர். ஒரே மகன் பாரிசு நகரின் புறத்தே வாழ்ந்தார். 2003 ஆம் ஆண்டு முதல் அவர் தம் தாய்க்கு எழுதிய கடிதங்கள் நமது மின்னஞ்சல் முகவரிக்கே வந்தன. தாயின் வீட்டில் கணினி இல்லை. அப்போது நாம் அவர்களுடைய பங்கில் உதவிக் குருவாக இருந்தோம்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அம்மையார் அலுவலக வாங்கில் வந்து அமர்வார். நாம் திரையைப் பார்த்து வாசிப்போம். சில கடிதங்களை இரண்டு முறை வாசிக்கச் சொல்வார். ஒருநாள், "இதை ஒரு தாள்ல அடிச்சுக் குடுத்துடுங்களேன், சாமி" என்றார். அச்சுப்பொறியின் மை விலை நமக்குப் பெரிதாகத் தெரிந்தது. "கணினியில் பத்திரமாக இருக்கிறது அம்மா, எப்போது கேட்டாலும் வாசித்துக் காட்டுகிறேன்" என்று சொல்லி அனுப்பினோம்.

2009 இல் அந்த மகன் நோயுற்று மறைந்தார். அவருடைய மகளுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. பின்னர் அம்மையார் கடிதங்களைப் பற்றிப் பேசவில்லை. நாமும் வேறு பங்குகளுக்கு மாற்றலாகிச் சென்றோம். பழைய கணினி நம் பெட்டிகளோடு பயணம் செய்து, இறுதியில் பங்கு இல்லத்து அலமாரியின் அடித்தட்டில் தங்கிவிட்டது.

2024 நவம்பரில் அம்மையார் ஆட்டோ பிடித்து நம்மைத் தேடி வந்தார். பேத்தி கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறாளாம். "அப்பன் முகம்கூட அதுக்கு ஞாபகம் இல்ல, சாமி. அவன் எழுத்தையாவது காட்டணும்" என்றார். நாம் தயங்காமல் வாக்களித்தோம்.

அன்றிரவு கணினியை இயக்கினோம். உள்ளிருந்து, யாரோ விரல் நகத்தால் கதவைத் தட்டுவது போன்ற ஓசை விட்டுவிட்டு எழுந்தது. திரை இருண்டே கிடந்தது. அணைத்தோம், மீண்டும் இயக்கினோம். இவ்வாறு ஏழெட்டு முறை செய்தோம். நண்பர் ஒருவர், வன்தட்டைப் பையில் கட்டிக் குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வைத்தால் உயிர் பெறும் என்று தொலைபேசியில் கூறினார். அதற்கும் இடம் ஒதுக்கினோம். நல்வாய்ப்பாக, கணினி பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள நம் பங்கு இளைஞர் ஒருவரை அதற்குமுன் அழைத்திருந்தோம். அவர் வாசற்படியில் நின்றபடியே அந்த ஓசையைக் கேட்டுவிட்டு, "பாதர், முதல்ல கரண்ட்டை நிறுத்துங்க!" என்றார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். கடைகளில் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டினுள் பளபளப்பான தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மீது, தலைமயிரின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், தொடாமல் மிதந்தபடியே வாசிக்கும் முனைகள் உண்டு. அம்முனை தகட்டை வாசிக்க இயலாமல் தொடக்க இடத்திற்கு மீள்வதும் மீண்டும் முயல்வதுமே நாம் கேட்ட ஓசை. பழுதான முனை தகட்டில் உராய்ந்தால், காந்தப் பூச்சாகப் படிந்துள்ள எழுத்தே சுரண்டப்படும். சுரண்டப்பட்டதை எந்த வல்லுநராலும் மீட்க இயலாது. குளிரில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் படியும்; மூடியைத் திறந்தாலோ தூசி புகும். ஆக, ஆவலின் மிகுதியால் நாம் அழுத்திய ஒவ்வொரு முறையும் அக்கடிதங்களைப் பணயம் வைத்திருக்கின்றோம்!

முனைகள் முற்றிலும் கெட்டிருந்தால், தூசியற்ற தனி அறை கொண்ட ஆய்வுக்கூடத்திற்கே அனுப்ப வேண்டியிருக்கும். நமது தட்டு அந்நிலையை எட்டவில்லை. இளைஞர் அதனை வேறொரு கணினியோடு இணைத்து, 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருளை இயக்கினார். அதன் முறை சிந்திக்கத்தக்கது. அது பழுதான இடத்தோடு முதலில் போராடுவதில்லை. அவ்விடத்தைக் குறித்துவைத்துவிட்டு, நன்றாக உள்ள பகுதிகளையெல்லாம் முந்திப் பிரதி எடுத்துக்கொள்கிறது. அதன்பின்னரே கடினமான இடங்களுக்குத் திரும்புகிறது. எது வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பேட்டையும் தானே எழுதி வைக்கின்றது. நான்கு நாட்கள் அது ஓடியது. அதன்பின் பழைய தட்டை ஒருவரும் தொடவில்லை. எடுத்த பிரதிக்கும் மற்றொரு பிரதி எடுத்து, அதன்மீதே எஞ்சிய வேலைகள் நடைபெற்றன.

அக்காலத்தில் நாம் பயன்படுத்திய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் மென்பொருள், வந்த கடிதங்களையெல்லாம் ஒரே கோப்பினுள் சேர்த்துவைக்கும். ஒவ்வொரு கடிதமும் சிறுசிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும்; ஒரு துண்டு அடுத்ததன் இருப்பிடத்தைச் சொல்லும். ஒரு துண்டு அழிந்தால், இழை அறுந்த செபமாலைபோல மற்ற மணிகள் சிதறிவிடும். சிதறியவற்றைத் தேடிக் கோத்துத் தரும் கருவிகள் உள்ளன. கோத்தபின்னும் திரையில் தோன்றியது தமிழன்று. கொம்பும் வாலும் முளைத்த மேல்நாட்டு எழுத்துக்களும் குறிகளுமே. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு வழங்கிய 'திஸ்கி' என்னும் முறையில் மகன் எழுதியிருந்தார். அம்முறையில் 'கெ' என்பதன் ஒற்றைக்கொம்பு, நாம் கையால் எழுதுவதுபோல ககரத்திற்கு முன் நிற்கும். யூனிகோட்டிலோ ககரத்திற்குப் பின்னர் வைக்கப்படும். இத்தகைய வேறுபாடுகளையெல்லாம் மாற்றித் தரும் மென்பொருளில் இட்டபோது, "அன்புள்ள அம்மாவுக்கு" என்ற முதல் வரி தெளிந்து எழுந்தது. இளைஞர் நம்மைப் பார்த்தார். நமக்குப் பேச்சு வரவில்லை.

நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது 1736 இல். அவர் 1761 இல் மறைந்தார். எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின் 1846 இல் கலுவா மொம்பிரான் என்பவர் அக்குறிப்பேடுகளைக் கண்டு பிரதி எடுக்கச் செய்தார். விரித்து வைத்தால் தமிழ் படித்த எவரும் வாசிக்கலாம் என்ற நிலையில் அவை இருந்தன. நமது கடிதங்களோ ஏறத்தாழ இருபது ஆண்டுகளிலேயே, தட்டிலிருந்து கோப்பு, கோப்பிலிருந்து கடிதம், கடிதத்திலிருந்து தமிழ் என மூன்று பூட்டுகளைத் திறக்க வேண்டியவை ஆயின. புதிய கருவிகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அக்கருவியில் இருக்கிறது என்பதும் பத்திரமாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதே நாம் கற்ற பாடம்.

"மூணு பிரதி வேணும், பாதர். ரெண்டு விதமான பொருள்ல இருக்கணும். ஒண்ணாவது வேற இடத்துல இருக்கணும்" என்றார் இளைஞர். கேட்டதும் நமக்கு நாணம் மிகுந்தது. ஏனெனில் இது கணினிக்காரர் கண்டுபிடித்த புதுமையன்று. 1776 ஜூன் மாதத்தில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, குடியேற்ற நாடுகளின் பொது ஆவணங்களுக்கெனத் தனிக் காப்பகம் ஒன்றை வெர்சாயில் நிறுவி, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய பதிவேடுகளின் பிரதி கடல் கடந்து அங்கு வரவேண்டும் என ஆணையிட்டார். வெப்பம், கரையான், புயல், போர் ஆகியவற்றால் ஏடுகள் அழியும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். அவ்வாறு சென்ற ஏடுகள் இன்று தென்பிரான்சின் ஏக்ஸ் நகரக் காப்பகத்தில் உள்ளன. அன்றைய குருக்கள் இறகுப் பேனாவால் வரி வரியாகச் செய்ததை, ஒரு பொத்தானால் செய்ய இயலும் காலத்தில் நாம் செய்யத் தவறினோம்.

மொத்தம் அறுபத்தொரு கடிதங்கள். ஐம்பத்திரண்டு முழுமையாகக் கிடைத்தன. ஆறு குறைபட்டு வந்தன. மூன்று தலைப்போடு நின்றுவிட்டன. அம்மூன்றும் அச்சிடச் சொல்லி அம்மையார் கேட்டதற்குப் பின் வந்தவை. நமது அவசரத்தால்தான் அவை அழிந்தனவோ என்ற கேள்விக்கு விடையில்லை.

கிறிஸ்துமசுக்கு மறுநாள் பாட்டியும் பேத்தியும் வந்தனர். அச்சிட்ட தாள்களை மேசைமீது வைத்து, மறைந்த மூன்றையும் பற்றி முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அம்மையார் ஒன்றும் சொல்லாமல், "வாசிங்க, சாமி" என்றார். அப்பெண்ணுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், படிக்க வராது. எனவே பழைய நாட்களைப்போல நாமே வாசித்தோம். 2006 டிசம்பர்க் கடிதம் ஒன்று நடுவில் சிதைந்திருந்தது. அவ்விடத்தில் நிறுத்தினோம். "அங்க சம்பா கோயில் தேரைப் பத்திக் கேட்டிருந்தான். மழையில நனைஞ்சுதா, நீ போனியான்னு" என்றார் அம்மையார், சற்றும் யோசியாமல். வெற்றிடத்தின் ஓரத்தில் அதைப் பென்சிலால் எழுதி, 'தாயின் நினைவிலிருந்து' என்று குறித்தோம். பேத்தி அப்பென்சிலை வாங்கி, நாம் எழுதியதன் கீழே அன்றைய தேதியைத் தன் கையால் எழுதினாள்.

வாசகர்களே, உங்கள் இல்லத்துக் கணினியிலும் கைப்பேசியிலும் திரும்பக் கிடைக்காத கடிதங்களும் படங்களும் இருக்கலாம். கருவி நன்றாக இருக்கும்போதே பிரதி எடுங்கள். ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றைத் திறந்து, வாசிக்க முடிகின்றதா என்று பாருங்கள். ஓசை கேட்டால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் முயலாதீர்கள். மிக அருமையானவற்றைத் தாளில் அச்சிட்டுவிடுங்கள்.

மையின் விலையை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். நாம் பார்த்தோம்.