ட்ரில் பேட்டரியும் மந்தைவெளி மாமியும்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது என்னவோ மறுநாள், ஆந்திராவில் பாபட்லா பக்கம். ஆனால் மழையை மட்டும் சென்னை தலையில் கொட்டிவிட்டுப் போனது. தெருவில் தண்ணீர் ஏறியதும் ஷாக் அடிக்கக் கூடாதென்று பல ஏரியாக்களில் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள்.

மந்தைவெளியில் ஒரு பழைய ஃப்ளாட். மூன்றாவது மாடியில் ஒரு மாமி, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆன மாமா. இன்வெர்ட்டர் மத்தியானமே கையை விரித்துவிட்டது. டார்ச்சைத் திறந்தால் உள்ளே செல் கசிந்து பூத்துப் போயிருந்தது. (உங்கள் வீட்டு டார்ச்சையும் ஒரு தடவை திறந்து பாருங்கள் மக்களே!) மாமா ராத்திரியில் இரண்டு மூன்று தடவை பாத்ரூம் போக வேண்டும். இருட்டில் கால் வழுக்கினால் போட்ட பிளேட் எல்லாம் வீண்.

கீழே ஷெட்டில் இருந்த கார்பென்டர், தண்ணீர் ஏறியதால் சாமான்களோடு மாடிப்படியில் குடியேறியிருந்தார். ஏழு மணிக்கு மேலே வந்து ஒரு லைட்டை நீட்டினார்.

"இத வெச்சுக்கங்க மாமி."

"ஏம்ப்பா, இது உன் ட்ரில் பேட்டரி மாதிரின்னா இருக்கு?"

"அதேதான் மாமி. ட்ரில்லுல கழட்டி இதுல மாட்டிக்கலாம்."

விஷயம் இங்கேதான். இந்த லைட்டுக்கென்று தனியாக பேட்டரி கிடையாது. ட்ரில், கட்டர், லைட் எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி. பேட்டரி இல்லாத வெறும் லைட் விலை கம்மிதான், பேட்டரியும் சார்ஜரும்தான் காசு. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் உட்காராது. ஒரு தடவை வாங்கினால் அந்தக் கம்பெனிக்கே வாழ்க்கைப்பட்ட மாதிரி. (பி.காம் மக்களே, ஸ்விட்சிங் காஸ்ட்டுக்கு எக்ஸாமில் எழுத உதாரணம் ரெடி!) சில பெட்டிகளில் 20 வோல்ட் என்று போட்டிருக்கும். அசந்துவிட வேண்டாம். உள்ளே வரிசையாக ஐந்து லித்தியம் செல். முழு சார்ஜில் 20, சராசரியாக 18. இரண்டும் ஒன்றேதான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர் என்றால் 72 வாட் அவர். 5 வாட் எல்.ஈ.டி. பதினான்கு மணி நேரம் எரியும். ஆனால் மாமி கைக்கு வந்த பேட்டரி சனிக்கிழமை வேலையிலேயே பாதி தீர்ந்தது. ஆக ஏழு மணி நேரம்.

லைட்டை மாமா மேல் அடிக்காமல் வெள்ளை சீலிங்கைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார் கார்பென்டர். ரூம் முழுக்க பரவலான வெளிச்சம், கண்ணும் கூசவில்லை. இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். சாதா டார்ச் மாதிரி மெல்ல மெல்ல மங்காது, சட்டென்று நின்றுவிடும். செல் அடிமட்டம் வரை தீர்ந்து கெட்டுவிடக் கூடாதென்று சர்க்யூட்டே கட் பண்ணிவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்கு அப்படித்தான் நின்றது. மாமா பாத்ரூம் வாசலில், சுவரைப் பிடித்துக்கொண்டு. மாமி போட்ட சத்தத்தில் கீழே படியில் இருந்தவர் எழுந்துவிட்டார்.

அவரிடம் இருந்தது இன்னும் ஒரே ஒரு பேட்டரி, ஃபுல் சார்ஜ். காலையில் அடையாறில் ஒரு வீட்டில் கதவு ஊறி மூடாமல் நிற்கிறதென்று கூப்பிட்டிருந்தார்கள். மழை விட்டதும் இப்படி வேலை குவியும், ரேட்டும் கொஞ்சம் கூடக் கேட்கலாம். சார்ஜ் போடவோ கரண்ட் இல்லை. அந்த பேட்டரிதான் அவருடைய ஒர்க்கிங் கேபிட்டல்.

படியேறி வந்தவர் எதுவும் பேசாமல் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்.

"நாளைக்கு உனக்கு வேலைக்கு வேண்டாமாப்பா?"

"கைல முடுக்கிக்கலாம் மாமி. மாமாவ உக்கார வைங்க மொதல்ல."

மறுநாள் முழங்கால் தண்ணீரில் ஸ்க்ரூடிரைவரும் இழைப்புளியுமாக அடையாறுக்குக் கிளம்பினார். ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் இழுத்தது, அடுத்து கூப்பிட்ட வீட்டுக்குப் போக முடியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்தது. மாமி ஃப்ரிட்ஜ் ஸ்விட்சைக்கூடப் போடவில்லை. முதலில் படியிறங்கிப் போய் சார்ஜரை வாங்கி வந்து, கிச்சன் பிளக்கில் மாட்டினார். பச்சை விளக்கு வரும் வரை மிக்ஸி ஓடவில்லை.