விவசாயியின் பலம் ஐந்து

வானத்திலிருந்து வயலில் விழுந்தது என்னவென்று பார்க்க ஒரு விவசாயி ஓடுகிறார். கையில் வேட்டைத் துப்பாக்கி. குழிக்குள்ளிருந்து எழும்பி வருகிறான் நீண்ட முடிக்காரன் ஒருவன். பெயர் ராடிட்ஸ். காதில் மாட்டியிருக்கும் கண்ணாடிக் கருவியால் விவசாயியை அளக்கிறான். போர்ப் பலம் ஐந்து. குப்பை என்று முகம் சுளிக்கிறான். பயந்துபோன மனிதர் சுட்டுவிடுகிறார். ராடிட்ஸ் தோட்டாவைக் கையால் பிடித்து, விரலால் சுண்டித் திருப்பி அனுப்புகிறான். அத்தோடு விவசாயியின் கதை முடிந்தது.

1989 ஏப்ரலில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘டிராகன் பால் இசட்’ தொடரின் ஆரம்பக் காட்சி இது. பேரன் புண்ணியத்தில் எனக்குப் பழக்கமானது. அவனுக்குச் சண்டைகள் பிடிக்கும். எனக்கு அந்த விவசாயிமேல் ஒரு கண். 291 அத்தியாயம் ஓடிய தொடரில் அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. ஆனாலும் அந்தத் தொடர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அவரைத்தான் அளவுகோலாக வைத்துப் பார்த்தேன்.

ஐந்தில் தொடங்கிய கணக்கு போன வேகத்தைப் பாருங்கள். ராடிட்ஸுக்கு அடுத்து வந்த வெஜிடாவின் பலம் 18,000. வெஜிடாவுக்கு எஜமானன் ஃப்ரீசா; தன் பலம் 5,30,000 என்று அவனே சொல்லிக்கொள்கிறான், அதுவும் இன்னும் மூன்று முறை உருமாறப்போகிறவன். அளக்கும் கருவிகள் தாங்காமல் வெடிக்கின்றன. அதன்பிறகு கதையே எண்களைக் கைவிட்டுவிட்டது. அரசாங்கம் நோட்டடித்துத் தள்ளினால் சட்டைப்பையில் இருக்கிற ஐந்து ரூபாய்க்கு என்ன ஆகுமோ, அதுதான் அந்த விவசாயிக்கும் ஆயிற்று.

இத்தனைக்கும் இது சிரிப்புக் கதையாகத் தொடங்கியது. அதன் மூலமான படக்கதையை அகிரா டோரியாமா 1984 கடைசியில் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வரையத் தொடங்கியபோது, சீனத்துப் பழங்கதையான ‘மேற்குப் பயண’த்தின் குரங்கு வீரனை எடுத்து, வால் முளைத்த ஒரு காட்டுப் பையனாக்கினார். அவன்தான் கோக்கு. நீளும் கோல், ஏறிப் பறக்க ஒரு மேகம், ஏழு மாய உருண்டைகளைத் தேடும் பயணம். முதல் வில்லன் பிலாஃப் ஒரு குள்ள ராஜா. உலகத்தை ஆளவேண்டும் என்பான், ஒரு சின்னப் பையனைச் சமாளிக்கத் தெரியாது.

பிறகு ஒருநாள் இருட்டுகிறது. இருட்டுகிற விதம்தான் அழகு. தற்காப்புக்கலைப் போட்டி முடிந்துவிட்டது. இறுதிச் சுற்றில் நூலிழையில் தோற்ற கோக்குவுக்கு வருத்தம்கூட இல்லை, பசிதான். எல்லோரும் சாப்பிடக் கிளம்புகிறார்கள். கோலையும் உருண்டையையும் மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வருகிறது. நான் போய் எடுத்துவருகிறேன் என்று சிநேகிதன் கிரில்லின் ஓடுகிறான். திரும்பி வரவில்லை. கொன்றது பிக்கோலோ என்ற அசுர ராஜாவின் ஆள். மறந்த பொருளை எடுக்கப்போன பையன் செத்துக் கிடக்கிறான். பேரன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தான். “தாத்தா, நெஜமாவே செத்துட்டானா?” என்றான். ஆமாம்டா என்றேன். அதற்கு மேல் நான் விளக்கப் போகவில்லை.

குழந்தைகளுக்கான கதையில் சாவு வரலாமா என்று என் மகள் கேட்டாள். தாராளமாக வரலாம். நம் பாட்டிகள் நமக்குச் சொன்ன கதைகளில் எத்தனை பேர் தலை உருண்டது! இருட்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதற்கு ஒரு கரை இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பிக்கோலோவின் இருட்டுக்குக் கரை இருந்தது. முற்காலத்தில் அவனைப் பிடித்து அடைத்து வைத்திருந்த பாத்திரம் எது தெரியுமா? மின்சார ரைஸ் குக்கர். சிரித்துவிட்டேன். ஆனால் ஆமை முனிவர் என்கிற கிழவர் அதே வித்தையை மறுபடி பிரயோகிக்கிறபோது சிரிப்பு போய்விட்டது. உயிரையே விலையாகக் கேட்கும் வித்தை அது. அசுரனைச் சுழற்றித் தூக்கி எறிகிறார். குறி கொஞ்சம் பிசகி, குக்கருக்குப் பக்கத்தில் விழுகிறான். கிழவர் செத்துப்போகிறார். வயசான ஒருவர், சமையலறைச் சாமான் ஒன்றை வைத்துக்கொண்டு, உலகத்தைக் காப்பாற்றுவதை அரை அடி தூரத்தில் தவறவிட்டார். வில்லன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் எதிரே நிற்பவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது.

நம் புராணக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். இரணியனுக்கு எத்தனை பெரிய வரம்! பகலிலும் சாவில்லை, இரவிலும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அப்படியே அந்திப்பொழுது என்றும் வாசற்படி என்றும் ஒரு சந்து விட்டுவைத்தார்கள். இராவணன் தேவர்களையும் அசுரர்களையும் பட்டியல் போட்டான். மனிதனைச் சேர்க்க மறந்தான், அல்லது மதிக்கவில்லை. மகிஷனுக்குப் பெண் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அசுரன் யாரை அற்பமென்று கணக்கில் விட்டானோ, கதை அந்த வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அவனைப் பெரியவனாக்கியதும் அந்த அற்பரை முக்கியமாக்கத்தான்.

டோரியாமா கெட்டிக்காரர் இல்லையா என்றால், நிச்சயமாகக் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் வாராவாரம் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அந்த இதழில் வாசகர்கள் தபால் அட்டையில் போட்ட ஓட்டுதான் எந்தக் கதை நிற்கும், எது விழும் என்று தீர்மானித்தது. 1990களின் நடுவில் 65 லட்சம் பிரதிக்கு மேல் விற்ற இதழ். போன வாரத்து அசுரனைவிட இந்த வாரத்து அசுரன் சப்பென்று இருந்தால் தாங்குமா? பழைய ஆசிரியர் ஒருவர் புது வில்லன்களைப் பார்த்துவிட்டு, என்ன இது, ஒரு கிழவனும் ஒரு தடியனுமா என்று கேட்டாராம். உடனே வேறு இரண்டு வில்லன்கள் வந்தார்கள். அவர்களும் பிடிக்கவில்லை என்றதும் செல் என்ற இன்னொருவன். அவனுடைய உருவமும் மட்டமாக இருக்கிறது என்று அப்போதைய ஆசிரியர் சொல்லப்போய் அவனும் சீக்கிரமே உருமாறினான். டோரியாமாவே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. வில்லன்கள் வளர்ந்ததற்குக் காரணம் பாதி அசுரத்தனம், பாதி அலுவலகம்.

இந்தப் பெரிய வில்லன்களில் ஃப்ரீசாவை மட்டும் நான் தள்ள மாட்டேன். அவன் செய்கிற தொழிலைக் கவனிக்க வேண்டும். கிரகங்களில் குடியிருப்பவர்களை ஆள் விட்டு அழித்து, காலியான கிரகத்தை நல்ல விலைக்கு விற்கிறான். ஜப்பானில் 1980களின் கடைசியில் நிலத்தின் விலை கண்மண் தெரியாமல் ஏறியபோது, குடியிருந்தவர்களை விரட்டி இடத்தை வளைத்த தரகர்களை மனத்தில் வைத்துத்தான் அவனைப் படைத்ததாக டோரியாமா சொல்லியிருக்கிறார். இன்னொன்று, ஜப்பானிய மூலத்தில் ஃப்ரீசா மகா மரியாதையாகப் பேசுகிறவன். அடிமட்ட ஆட்கள் காட்டுக்கத்தல் கத்த, முதலாளி பணிவாகப் பேசுகிறான். எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் நஞ்சையை வாங்க வந்தவரும் இப்படித்தான். “ஐயா பெரியவங்க, நீங்க சொன்னா சரி” என்று கைகட்டி நின்றே காரியத்தை முடித்துக்கொண்டு போனார். பலம் 5,30,000 என்பது எனக்குப் பயம் தரவில்லை. அந்தப் பணிவு தந்தது.

ஆனால் அங்கேதான் அந்த விவசாயியின் கூட்டம் மொத்தமாகக் காணாமல் போகிறது. ஆமை முனிவர் இல்லை. சண்டை வீரர்கள் யாம்ச்சாவும் டியனும் எங்கோ தூரத்தில். சண்டை நடக்கும் நாமெக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று ஃப்ரீசா சொல்கிறான். தொலைக்காட்சியில் அந்த ஐந்து நிமிடம் வாரக்கணக்கில் ஓடுகிறது. பத்திரிகைக் கதை முன்னேறும்வரை தொலைக்காட்சிக்காரர்கள் நேரத்தை இழுக்க வேண்டியிருந்தது. இருவர் அடித்துக்கொள்கிறார்கள். மற்றவர்களின் வேலை, அடேயப்பா எவ்வளவு பலம் என்று வியப்பது.

அந்த வேலையை நான் நிஜத்திலும் பார்க்கிறேன். எங்கள் பூங்காவில் சாயங்காலம் கூடுகிற பெரியவர்கள், நானும்தான், பேசுவதைக் கேளுங்கள். ஒரு காலத்தில் தெருக்குழாயை உடைத்தவனைத் திட்டினோம். அவன் பெயர் தெரியும், வீடு தெரியும், போய்க் கேட்டோம். பிறகு வார்டு, பிறகு கட்சி, பிறகு ஏதோ பன்னாட்டுக் கம்பெனி, இப்போது உலகமே கெட்டுவிட்டது, எல்லாம் எங்கேயோ தீர்மானமாகிவிட்டது. வில்லன் ஆண்டுக்காண்டு வளர்கிறான். வளர வளரப் பேசுவதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. யாரும் எழுந்து போய் எதையும் செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இதைக் காதில் வாங்குகிறார்கள். எங்கள் குடியிருப்பில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண், “அப்போ நாங்க என்ன பண்றது, மாமா?” என்று ஒருமுறை கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசியிருந்தால் அவளுக்குச் சொல்ல நாலு வேலை இருந்திருக்கும்.

டோரியாமாவுக்கும் இது உறைத்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் கடைசியில், எல்லாரையும்விடப் பெரிய வில்லனை வைத்துக்கொண்டு, எல்லாரையும்விடச் சின்ன ஆளை முன்னே தள்ளுகிறார்.

வில்லன் பெயர் மாஜின் பூ. இளஞ்சிவப்பு நிறத்தில் குண்டாக ஒரு குழந்தை மாதிரி இருப்பான். மனிதர்களை மிட்டாயாக்கித் தின்கிறவன். நகரங்களை ஊதித் தள்ளுகிறவன். சின்ன ஆள் மிஸ்டர் சாத்தான், உலகத் தற்காப்புக்கலைச் சாம்பியன் என்று பெயரெடுத்த புளுகன். செல்லைக் கொன்றது யாரோ, மாலை இவர் கழுத்தில். பூவைத் தீர்த்துக்கட்ட இவரை அனுப்புகிறார்கள். விஷம் கலந்த சாக்லேட் கொடுக்கிறார். ருசியாக இருக்கிறதென்று தின்கிறான். வெடிகுண்டு வைத்த விளையாட்டுப் பெட்டி கொடுக்கிறார். வெடித்தும் ஒன்றும் ஆகவில்லை. வேறு வழியின்றி அவனுக்குச் சமைத்துப்போட்டு, குளிப்பாட்டி, அவன் வீட்டிலேயே தங்குகிறார்.

ஒருநாள் பூ ஒரு நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறான். மற்றவர்கள் எல்லாம் தன்னைக் கண்டால் ஓடுகிறார்கள், இது ஏன் ஓடவில்லை என்று அவனுக்குக் குழப்பம். காலில் அடிபட்டதால் ஓட முடியவில்லை என்கிறார் சாத்தான். சரி, குணமாக்கினால் ஓடும், அப்புறம் கொல்லலாம் என்று குணமாக்குகிறான். குட்டி ஓடவில்லை, அவனையே சுற்றி வந்து நக்குகிறது. பூவுக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சமயம் பார்த்து, எச்சில் விழுங்கிக்கொண்டு, சாத்தான் கேட்கிறார்: ஏன் மனிதர்களைக் கொல்கிறாய்? என்னை உண்டாக்கியவர்கள் கொல்லச் சொன்னார்கள், வேடிக்கையாகவும் இருந்தது என்கிறான் பூ. அது தப்பு, இனிச் செய்யாதே. சரி, செய்யமாட்டேன்.

அவ்வளவுதான். கோக்குவால் முடியாதது. அவன் மகன்களால் முடியாதது. விவசாயியை அளந்த கருவிக் கணக்கில் சாத்தானுக்கு மட்டும் பெரிய எண் வந்துவிடுமா என்ன? யாரும் அந்தக் கேள்வியைப் பூவிடம் கேட்டதில்லை, இவர் கேட்டார். பிறகு எங்கிருந்தோ வந்த ஒருவன் பொழுதுபோக்காக அந்த நாய்க்குட்டியைச் சுடுகிறான், சாத்தானையும் சுடுகிறான். பூ இருவரையும் பிழைக்கவைக்கிறான். ஆனால் அடக்கிய ஆத்திரம் தாங்காமல் அவன் உடம்பிலிருந்து கொடூரமான இன்னொரு பூ பிரிந்து வருகிறான். உலகம் அதன்பிறகுதான் நிஜமாக அழிகிறது. மொத்தத் தொடரிலும் மிகக் கறுத்த இடம் எனக்கு அதுதான். சுட்டவனிடம் அமானுஷ்ய பலம் எதுவும் இல்லை, அவனும் ஐந்தோ ஆறோதான்.

முடிவில் அந்தப் பூவை அழிக்க, உயிரோடு திரும்பிய பூமியின் ஜனங்கள் எல்லாரும் கையைத் தூக்கித் தங்கள் சக்தியில் கொஞ்சம் தரவேண்டும். வெஜிடா வானத்திலிருந்து கட்டளை போடுகிறான், கோக்குவும் கேட்டுப் பார்க்கிறான், தெரியாத குரலுக்கு ஜனங்கள் கொடுப்பதாக இல்லை. சாத்தான் தொண்டை கிழியக் கத்துகிறார். நம்ம சாம்பியன் ஆயிற்றே என்று கைகள் உயர்கின்றன. புளுகு வாங்கிக்கொடுத்த புகழ்தான், ஆனாலும் உதவியது. பேரன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “கோக்குதான் ஜெயிச்சான், தாத்தா. இவரு சும்மா கத்துனாரு” என்றான். கத்தாவிட்டால்? என்றேன். அடுத்த அத்தியாயத்தைப் போட்டுவிட்டான்.

பல வருடம் கழித்து 2013இல் வந்த ஒரு திரைப்படத்துக்கு டோரியாமா மறுபடி கதையில் கைவைத்தார். அதில் வருகிற பீரஸ் அழிவுக் கடவுள், பூனை முகக்காரர், இதுவரை வந்த எல்லாரையும் ஒரு விரலால் சாய்க்கக்கூடியவர். பூமியை அழிக்கக் கிளம்பிய காரணம், பிறந்தநாள் விருந்தில் அந்தப் பழைய குண்டு பூ அவருக்குப் புட்டிங் கொடுக்க மறுத்தது. கோக்கு முழுப் பலத்தோடு மோதி, தோற்று, தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறான். கடவுளோ களைத்துவிட்டேன் என்று சொல்லித் தூங்கிப்போகிறார். பேரனின் சிநேகிதர்களுக்கு இந்தப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஹீரோ தோற்கலாமா என்கிறார்கள். நான் இரண்டாம் தடவையும் பார்த்தேன்.