ஊத்துத் தண்ணி என்று சொன்னேன்

குழாயில் தண்ணீர் வராத நாளிலும் எங்கள் வீட்டுச் சம்பில் மட்டம் ஏறியது. ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, கீழ்வீட்டில் குடியிருந்த பெண்ணிடம், "ஊத்து கண்டிருக்கும்மா, நல்ல தண்ணிதான்" என்றேன். என் குற்றம் இதுதான்.

வீடு அம்பத்தூரில், அரை கிரவுண்டில். இங்கே ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ரெட்டேரிக்கு. அந்த வழியில்தான் மனை போட்டுக் குடியேறினோம். மழைக்காலத்தில் சில அடி தோண்டினாலே நீர் நிற்கும். தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வருமுன் கட்டிய வீடு. போர்ட்டிகோவுக்குக் கீழே சம்பு, பக்கத்துச் சந்தில் செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கூடவே நின்று கட்ட வைத்தவன் நான். அதில் எனக்குப் பெருமை அதிகம்.

2023 கோடையில் சம்பு கழுவ வந்த கொத்தனார் உள்ளிருந்தபடியே கூப்பிட்டார். "சார், பூச்சு விட்டுப்போச்சு. செப்டிக் பக்கத்துச் சுவர்ல கீறல் ஓடுது. மழைக்கு முன்னாடி பாத்துடுங்க." பழைய பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும், செப்டிக் டேங்க்கை மூடிவிட்டுத் தெருச் சாக்கடையில் இணைக்க வேண்டும் என்றார். நான் கட்டிய சுவரில் கீறலா என்று எரிச்சல் வந்தது. செலவை நினைத்தும் தயங்கினேன். தள்ளிப்போட்டேன்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தது. தெருத் தண்ணீர் வடிந்ததும் சம்பைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். கீறலைத் தொடவில்லை. சம்பு நிறைந்திருந்தால் கீறல் வழியே தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் ஓடி மட்டம் இறங்கினால், வெளியே ஊறி நிற்கும் நீர் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். செப்டிக் டேங்க்கில் கசிந்ததும் அதோடு வரும். பார்க்கத் தெளிவாகவே இருக்கும். என்றோ போட்ட மருந்து, தினமும் உள்ளே வருவதை என்ன செய்யும்?

அந்தப் பெண்தான் முதலில் கவனித்தார். "குழாயே வரல, எப்படி சார் தண்ணி ஏறுது?" சரியான கேள்வி. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலி செய்துவிடுவார்களோ என்று பயந்தேன். அவர்கள் கொடுத்த அட்வான்ஸை ஏற்கெனவே செலவழித்திருந்தேன். ஊத்து என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அன்று மாலையே எங்கள் மாடிக்கு மட்டும் கேன் தண்ணீர் சொன்னேன். இதை மறைத்தால் மற்றதை எழுதிப் பயனில்லை.

இப்படிக் கழிவு கலந்த தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உடலுக்குள் போய் நோயாகத் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் தண்ணீரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவர்கள் பையனுக்குக் கண் மஞ்சளானபோது பொங்கல் முடிந்திருந்தது. ஏழாம் வகுப்புப் படித்தான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அம்மா என்னிடம் அழுதார். "ஸ்கூல் வாசல்ல பானிபூரி திங்க நான்தான் காசு குடுத்தேன் சார்."

"வெளியில விக்கிறத நம்பவே கூடாதும்மா" என்றேன்.

தன் பிள்ளையின் நோய்க்குத் தானே காரணம் என்று ஒரு தாயை நம்ப விட்டேன். முதல் பொய்யை விட இது கொடியது.

1955-56இல் டில்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. நகரமே படுத்ததால் ஆராய்ந்தார்கள், எழுதி வைத்தார்கள். ஒரு வீட்டுச் சம்பை யார் ஆராய்வார்கள்? மூடியைத் திறந்து பார்த்தவன் வாய் திறந்தால்தான் உண்டு. நான் திறக்கவில்லை.

பையன் பிழைத்தான். படிப்பில் பின்தங்கினான். கோடையில் வீட்டைக் காலி செய்தார்கள். வெள்ளை அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகே சம்பைக் கொத்திப் பூசினேன், செப்டிக் டேங்க்கை மூடினேன். ஒத்திப்போட்ட அந்த வேலை ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். மழை ஓய்ந்த பின், குழாய் வராத ஓர் இரவில் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சம்பின் மட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். காலையில் நீர் கோட்டுக்கு மேல் ஏறியிருந்தால் அதைக் குடிக்காதீர்கள். வீட்டுக்காரர் சொல்லும் காரணத்தை நம்பாதீர்கள்.

இதை எழுதத் தொடங்குமுன் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பானிபூரி காரணமில்லை என்றேன். பிடித்த பணத்தை அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னிக்கவில்லை. அவர் செய்தது சரி.