கூகுள் இல்லாத போன்

திங்கள், இரவு

என் பழைய போனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறது, திரையில் கீறல் இல்லை. பாதுகாப்பு அப்டேட் வருவதுதான் நின்றுவிட்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தேன். "எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு எடுத்துடுங்க சார்" என்றார் கடைக்காரர். ஓடுகிற ஸ்கூட்டரைக் காயலான் கடையில் போடச் சொன்ன மாதிரி இருந்தது. கருவி உயிரோடு இருக்கிறது, செய்த கம்பெனிதான் கைகழுவிவிட்டது. கூகுள் செயலிகள் இல்லாமல் வரும் மாற்று ஆண்ட்ராய்டான லினியேஜ் ஓஎஸ் போட்டுப் பார்ப்பது என்று முடிவு.

புதன்

ஆண்ட்ராய்டும் ஐபோனும் தவிர வேறு எதுவுமே நம் ஊருக்கு வரவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. வந்தன. 2014-ல் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸோடு இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ், விலை 1,999 ரூபாய். 2015 ஜனவரியில் டைசனோடு சாம்சங் இசட்1. அடுத்த ஆண்டு செயில்ஃபிஷ்ஷோடு இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ். மூன்றும் கடையை விட்டே போய்விட்டன. விண்டோஸ் போன்தான் எனக்கு அவற்றையெல்லாம்விடப் பிடித்தது. எழுத்து அத்தனை தெளிவாகத் தெரியும். 2019 டிசம்பரோடு அதற்கும் வாட்ஸ்அப் நின்றது.

இதில் ஒரு வேடிக்கை. ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் செத்த பிறகும் அதன் வித்து காய் ஓஎஸ் என்ற பெயரில் முளைத்து, 2017-ல் ஜியோபோனுக்குள் புகுந்தது. கோடிக்கணக்கான பேர் பெயர்கூடத் தெரியாமல் மாற்று ஓஎஸ்ஸைப் பயன்படுத்தினார்கள். ஆனாலும் 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் வந்த பிறகுதான் ஜியோபோன் முழுப் போனானது. ஓஎஸ் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. நாலு பேர் புழங்கும் செயலி அதில் ஓட வேண்டும்.

வெள்ளி

வேறு என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தேன். கிராஃபீன் ஓஎஸ் பாதுகாப்பில் கெட்டி, ஆனால் பிக்சல் போன் வேண்டும். கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுள் போனையே வாங்க வேண்டும்! உபுண்டு டச்சை, அதை உருவாக்கிய கேனானிக்கல் 2017-ல் கைவிட, யூபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் எடுத்து வளர்க்கிறார்கள். செயில்ஃபிஷ், நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் பின்லாந்தில் தொடங்கிய யொல்லாவின் பிள்ளை. சென்னை ஐஐடி பக்கமிருந்து 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் பற்றிப் பெரிய சத்தம் வந்தது. அதற்கும் அடித்தளம் ஆண்ட்ராய்டுதான். அதுவும் ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்கே முதலில் என்றார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இல்லை.

ஞாயிறு

இன்று லினியேஜ் போடும் வேலை முடிந்தது. செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும். அங்கே அனுமதி கொடுத்து, கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, ஓஎஸ்ஸை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறந்தால், உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துபோகும். படங்களை முன்பே நகலெடுத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 'இந்தக் கருவியை நம்ப முடியாது' என்ற மாதிரி ஒரு எச்சரிக்கை வந்துவிட்டுத்தான் போன் எழுந்திருக்கிறது.

எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் கடையிலிருந்து இண்டிக் கீபோர்டு இறக்கினேன், தமிழ்99 விசைப்பலகை சிக்கலில்லாமல் ஓடுகிறது. ஆர்கானிக் மேப்ஸ் இணையம் இல்லாமலே வழி காட்டுகிறது. பெரிய தெருக்களில் கில்லாடி, சந்துகளில் தடுமாற்றம்.

செவ்வாய்

வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. கருவி பாதுகாப்பற்றதாம். அப்டேட்டே வராத பழைய நிலையில் இதே போனை ஏற்றுக்கொண்ட செயலி, இந்த மாதப் பாதுகாப்புத் திருத்தம் வரை வாங்கிவிட்ட போனை ஒதுக்குகிறது. பூட்லோடர் திறந்திருக்கிறதா என்று பார்க்கிறது, உள்ளே ஓட்டை அடைபட்டதா என்று பார்ப்பதில்லை. டீக்கடையில் கியூஆர் அட்டையைப் பார்த்துக்கொண்டே சில்லறை தேடினேன். *99# அழுத்தினால் பணம் அனுப்பலாம், ஆனால் கியூஆரை அது படிக்காது.

புதன்

வங்கிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எல்லா வேலையையும் செயலிக்குள் பூட்டாதீர்கள். பிரவுசரில் முழுமையாக இயங்கும் தளத்தைக் கூடவே வைத்திருங்கள்.

ஆசைப்படும் வாசகருக்கும் ஒன்று. முதலில் உங்கள் போனின் மாடல் எண்ணை, பெயரை அல்ல, ஓஎஸ் தளத்தின் பட்டியலில் சரிபாருங்கள். ஒரே பெயரில் வேறு வேறு சிப்போடு விற்கிறார்கள். பணம் புழங்கும் போனில் கை வைக்காமல், மேசையில் தூங்கும் பழையதில் ஆரம்பியுங்கள்.