பில்லிக்கு வந்த காய்ச்சல்

நம் ஊரில் பில்லி என்றால் சூனியத்தோடு சேர்ந்து வருகிற சங்கதி. டில்லியில் பில்லி என்றால் பூனை. இந்த வேற்றுமையை மறந்து, சென்ற டிசம்பரில் ஒரு நாள் தொலைபேசியில், "பில்லியால் இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை, அம்மா" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு மெல்லிய குரலில், "யாரடி வைத்தது?" என்று கேட்டாள். யாரும் வைக்கவில்லை என்று சிரித்துச் சமாளித்தேன். யோசித்துப் பார்த்தால் வைத்தவள் நான்தான்.

எங்கள் விடுதியின் இரண்டாம் மாடியில் யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல் நிறப் பூனை ஒன்று உண்டு. அதற்கென்று ஒரு பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. 'பில்லி' என்று கூப்பிட்டால் வரும், கூப்பிடாவிட்டாலும் வரும். என் அறைத்தோழி வங்காளத்துப் பெண். மீன் அவள் உபயம், போர்வை என் உபயம் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். டில்லிக் குளிரில் சங்கரன்கோவில்காரி ஒருத்திக்குக் காலடியில் ஒரு பூனை படுத்திருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை, இங்கே ஒரு குளிர்காலம் கழித்தவர்கள் அறிவார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. பில்லி காலையிலிருந்தே தும்மிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர், ஓரத்தில் பீளை. மீனை வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்காமல் திரும்பிக்கொண்டது. மாலையில் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது. காதைத் தொட்டேன், சுட்டது. விஞ்ஞான மாணவி அல்லவா? தொட்டுப் பார்த்துத் தீர்மானிப்பது பாட்டிமார் வழக்கம் என்று எண்ணி, தர்மாமீட்டரை எடுத்தேன். தோழி துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். தர்மாமீட்டரை எங்கே வைத்தோம் என்பதை இந்த மலரின் ஆசிரியர் குழு அச்சிட ஒப்பாது. பில்லியும் ஒப்பவில்லை. என் மணிக்கட்டில் இரண்டு கீறல் போட்டது. பாரன்ஹீட் கணக்கில் 101.8 காட்டியது.

"நல்ல காய்ச்சல்" என்றேன் நான். 101.8 என்றால் நம் வீட்டில் மிளகு ரசமும், நெற்றியில் ஈரத்துணியும், ஒரு பாராசிட்டமால் மாத்திரையும். பூனை சின்ன உடம்பு ஆயிற்றே என்று மிகுந்த ஜாக்கிரதையோடு, 500 மில்லிகிராம் மாத்திரையை நான்காக உடைத்து, ஒரு கால் பங்கை மட்டும் நெய்யில் குழைத்து வாயோரம் தடவினேன். நக்கி விழுங்கியது. இரவு மணி 9. தாய் போல் பணிவிடை செய்த திருப்தியோடு படுத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். பில்லி வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நாய் ஓடி வந்தால் வாய் திறந்து இரைக்கும். பூனை அப்படிச் செய்யாது. முகம் வீங்கி வேறு பூனையின் முகம் போல் இருந்தது. முன்கால்களும் வீங்கியிருந்தன. விளக்கைப் போட்டு உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சாக்லெட் நிறத்தில் இருந்தது.

அந்த நிறத்தை எனக்குத் தெரியும், நண்பர்களே. கண்ணால் கண்டதில்லை, எழுதியிருக்கிறேன். எங்கள் உயிர் இரசாயனப் பரீட்சையில் சென்ற ஆண்டு கேட்ட கேள்வி அது: 'பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சாவது ஏன்?' மனிதன் அந்த மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்துச் சிறுநீரில் தள்ளிவிடுகிறான். அதைப் பிணைக்கிற முக்கியமான என்ஸைம் பூனைக்கு இல்லை. அதற்குரிய ஜீன் பூனையிடம் சிதைந்துபோய் வேலை செய்யாமல் கிடக்கிறது என்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிங்கமும் புலியும் அதே வம்சம். அவற்றுக்கும் இதே குறைதான். வெளியேற வழியில்லாத மருந்து நச்சுப் பொருளாக மாறிச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபின் ஆகிப் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது. இரத்தம் பழுப்பாகிறது. இவ்வளவும் எழுதி, படமும் போட்டு, பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியவள் நான். கிலோவுக்கு 10 மில்லிகிராமே ஒரு பூனையைக் கெடுத்துவிடலாம் என்பதும் அந்த விடையில் இருந்தது. பில்லியின் எடை 3 கிலோ. நான் கொடுத்தது 125 மில்லிகிராம். கணக்குப் போடக் காகிதம் வேண்டியிருக்கவில்லை.

விடைத்தாளில் எழுதிய பூனை வேறு, கட்டிலடியில் படுத்த பூனை வேறு என்று என் மூளை எப்படியோ பிரித்து வைத்திருந்தது. அன்றிரவு இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இரவு முழுவதும் திறந்திருக்கும் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு பிராணி வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் பேச முயன்றோம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வாசலில் இருந்த காவல்கார சாச்சாதான் வழி சொன்னார். "அழாதே பேட்டி, யமுனைக்கு அப்பால் எனக்குத் தெரிந்த வயதான டாக்டர் ஒருவர் இருக்கிறார்" என்று தம் கைபேசியை எடுத்தார். டாக்டர் மூன்றாம் மணியில் எடுத்தார். என்ன கொடுத்தாய், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மூன்றே கேள்வி. "உடனே கொண்டு வா. வேறு எதையும் வாயில் ஊற்றாதே."

பனிமூட்டத்தில் ஆட்டோக்காரர் பாலத்தைத் தேடித் தேடி ஓட்டினார். லட்சுமி நகரில் ஒரு சந்துக்குள் அந்த வீடு. மேல் கோட்டும் பைஜாமாவுமாக நின்ற டாக்டர், குழந்தைக்கு வைக்கும் முகமூடியைப் பில்லியின் முகத்தில் வைத்துச் சிலிண்டரிலிருந்து பிராணவாயு கொடுத்தார். காலில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றினார். அஸிட்டைல் ஸிஸ்டீன் என்ற மருந்து. புட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நஞ்சைப் பிடித்து அடக்குகிற குளுட்டாதயோன் தீர்ந்துபோன உடம்புக்கு, அதை மறுபடி செய்துகொள்ளச் சரக்கு தருவது இதுதான். முதலில் கிலோவுக்கு 140 மில்லிகிராம், பிறகு 6 மணிக்கு ஒரு தரம் 70. கூடவே வைட்டமின் ஸி.

கை வேலை முடிந்த பிறகே என்னைப் பார்த்தார். ஊரைக் கேட்டார். தமிழ்நாடு என்றதும், "1903-லேயே வேப்பேரியில் கால்நடை வைத்தியக் கல்லூரி வைத்த ஊர்க்காரி நீ! மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறாயே!" என்றார். சங்கரன்கோவிலுக்கும் வேப்பேரிக்கும் உள்ள தூரத்தை விளக்க அது சமயமல்ல.

"காய்ச்சல் எவ்வளவு இருந்தது?"

"101.8, ஐயா."

அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "பூனைக்கு, நாய்க்கு, 100.5-லிருந்து 102.5 வரை சாதாரணச் சூடு. உன் பூனைக்குக் காய்ச்சலே இல்லை, பேட்டி."

அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு வந்திருந்தது ஜலதோஷம். பூனைக்கென்றே உள்ள வைரஸ்கள் சில உண்டு. மூக்கை அடைத்துக் கண்ணைக் கலங்கடிக்கும். மூக்கு அடைத்தால் மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதிலும் கொழுத்த பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு அடைத்துக்கொண்டு அதுவே உயிருக்கு உலை வைக்கும். ஆகவே வைத்தியம் என்னவென்றால், வெந்நீரில் நனைத்த பஞ்சால் கண்ணையும் மூக்கையும் துடைப்பது, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்ட குளியலறையின் ஆவியில் சிறிது நேரம் வைத்திருப்பது, மீனைச் சற்றுச் சூடாக்கி நாற்றம் எழும்படி வைப்பது. நாற்றத்துக்குத்தான் மருந்து மதிப்பு! ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் போவது. என் தோழியின் மீனைச் சுட வைத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

இரண்டு நாள் அந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கொரு தரம் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதே வேலை. சனிக்கிழமை முழுவதும் பழுப்பு. சிறுநீரும் கறுத்துப் போயிற்று. ஞாயிறு காலையில் ஒருவிதச் சாம்பல். மாலையில், விளக்கருகே வைத்துப் பார்த்தபோது, வெளுத்த ரோஜா நிறம். டாக்டரின் மனைவி கிச்சடி கொடுத்தார்கள். அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசியதும் அப்போதுதான். கீறலுக்கு நானும் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டேன். அதற்கு முன் கையைக் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வைத்தார் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. கீறிய அன்றே செய்திருக்க வேண்டும் என்று அதற்கும் தனியாகத் திட்டு. அந்த நோய் ஒன்றுக்கு மட்டும், வந்துவிட்டால் மேஜைமேல் வைத்தியமில்லை என்பார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகத் தொடங்கினேன். மருந்து கலந்து கொடுக்க, நாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் அவருக்கும் வேண்டியிருந்தது. எந்தப் பிராணி வந்தாலும் முதலில் தூரத்தில் நின்று மூச்சை எண்ணுவார். தூங்கும் நாயோ பூனையோ நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு விட்டால் அவர் முகம் மாறும். பிறகு உதடு. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். பிறகு தோள்மேல் தோலைத் தூக்கி விடுவார். உடனே விழுந்தால் சரி, கூடாரம் போல் நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. காதுக்குள் காப்பிப் பொடி போல் அழுக்கு இருந்தால் பூச்சி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்பார். "என்ன நோய்?" என்று அவர் வந்தவர்களிடம் கேட்டதே இல்லை.

ஒரு ஞாயிறு, நான்கு மாதக் குட்டி நாய் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வாந்தி, இரத்தபேதி. துண்டை அவிழ்த்ததும் ஒரு வாடை வந்தது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாடை எனக்குத் தெரிந்தது. இது பரீட்சையில் எழுதியதல்ல. நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு குட்டி இருந்தது. இப்படித்தான் இரண்டு நாள் கிடந்தது. வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று அப்பா தயிர்சாதம் ஊட்டினார். கடைத்தெருவில் யாரோ கொடுத்த மாத்திரையும் கொடுத்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் கிணற்றடியில் கிடந்தது. 'யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்' என்று பக்கத்து வீட்டோடு பல மாதம் பேசாமல் இருந்தோம்.

பார்வோ. 1978-இல் வெளிப்பட்டு இரண்டொரு ஆண்டில் உலகெங்கும் பரவிய வைரஸ். குடலின் உள்தோலை உரித்துவிடும், வெள்ளணுவையும் குறைத்துவிடும். இங்கே கைக்கு எட்டும் மருந்து எதுவும் அந்த வைரஸைக் கொல்வதில்லை. நரம்பில் உப்புநீர் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி புகாமல் காத்து, உடம்பு தானே போரிடும் வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் வைத்தியம். பிறந்த ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தடுப்பூசி போட்டிருந்தால் இது பெரும்பாலும் வராது. அந்தக் குட்டி ஐந்து நாள் குழாயோடு கிடந்து பிழைத்தது. பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

கோடையில் உண்ணிக் காய்ச்சல் வரிசையாக வரும் என்கிறார். வெளுத்த ஈறு, சோர்வு, சிலவற்றுக்கு மூக்கில் இரத்தம். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுவுக்குள் இரண்டு பேரிக்காய் போல் கிருமி உட்கார்ந்திருப்பதைச் சில சமயம் காணலாம். அந்த வேலை மட்டும் எனக்கு நன்றாக வரும் என்று நம்புகிறேன். நாயின் உண்ணிக்கு முதுகில் விடும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை உண்டு. அதைப் பூனைக்கு விட்டு, உடம்பெல்லாம் வெட்டி இழுக்கக் கொண்டுவந்தார் ஒருவர். "கால் பங்குதான் விட்டேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பில்லி இப்போது நலம். ஆனால் என் காலடியில் படுப்பதில்லை. தோழியின் கட்டிலுக்கு மாறிவிட்டது. நெய்யின் வாசனை வந்தால் எழுந்து போய்விடுகிறது. நான் குற்றம் சொல்வதற்கில்லை.

சென்ற வாரம் நம் சங்கத்துப் புதிய உறுப்பினள் ஒருத்தி, முதலாண்டு மாணவி, நாய்க்குட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மறு கையில் மாத்திரை அட்டை.

"அக்கா, இதற்கு உடம்பு கொதிக்கிறது. கால் மாத்திரை கொடுக்கலாமா?"

அட்டையை வாங்கி என் பைக்குள் போட்டேன். "முதலில் வாயைத் திறந்து காட்டு" என்றேன்.

அவள் தன் வாயைத் திறந்தாள்.