வாவிக்கரையில் ஒரு பழைய கணனி

கல்லடிப் பாலத்துக்கு அப்பால், மட்டக்களப்பு வாவியை நோக்கிய சிறு வீடொன்றில் அவனது கணனி இருக்கின்றது. தந்தையார் இறால் பிடித்துச் சேர்த்த பணத்தில், பத்து ஆண்டுகளுக்கு முன்னர் தமையனுக்கென வாங்கப்பெற்றது அது. இன்று கலைப்பீட மாணவனான தம்பியின் கட்டுரைகளுக்கும் விளையாட்டுக்கும் அதுவே துணை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 இத்தகைய பழைய கணனிகளை முறைப்படி ஏற்பதில்லை. பழுதெதுவுமற்ற கருவி ஒரே நாளில் முதுமையெய்திற்று. புதியதொன்று வாங்க வழியின்மையால் அவன் லினக்ஸை நாடினான்.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிவைத்த பணிசெயல் முறைமை அது. விண்டோஸுக்கென எழுதப்பெற்ற விளையாட்டுக்களை அதில் இயக்குவது நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தை அடித்தளமாகக் கொண்டு, வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டனை வெளியிட்ட பின்னரே நிலைமை மாறிற்று. விளையாட்டு விண்டோஸிடம் விடுக்கும் கட்டளைகளை லினக்ஸுக்குரியனவாக உடனுக்குடன் மாற்றிக் கொடுப்பதே புரோட்டனின் பணி.

இடையில் மொழிபெயர்ப்பாளன் நின்றால் பேச்சுத் தாமதிக்கும் என்பது நண்பர்களின் வாதம். அவன் அதனை முற்றாக மறுப்பதில்லை. ஆயினும் அவனது அளவுகோல் வேறு. செக்கனுக்கு 60 படங்கள் எனில் ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கனே உண்டு. சராசரி 60ஆக இருந்தும், இடையில் ஒரு படம் 100 மில்லிசெக்கன் சுணங்கினால் கண் அதனைத் தடங்கலாகவே உணரும். 30 படங்களேயாயினும் அவை சீராக வருதலே மேல் என்பது அவன் முடிபு. துடுப்பு வலிப்பதிலும் அதுவே நியாயம் என்பார் தந்தையார்.

இழப்பு இல்லாமலில்லை. வலரன்ட் போன்ற விளையாட்டுக்களின் மோசடித் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடியாழத்தோடு பிணைந்தது. லினக்ஸில் அது இயங்காது. மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட 2022இலும், மின் வந்த பொழுதெல்லாம் ஒன்றுகூடி ஆடிய நண்பர் குழாம் இப்போது அவனின்றி ஆடுகின்றது.

"சுதந்திரம் எண்டு கதைக்கிறாய் மச்சான், எங்களோட வந்து விளையாட ஏலாமத்தானே இருக்கு?" என்று ஒருவன் கேட்டபோது அவனிடம் விடை இருக்கவில்லை.

ஒரு மாலை, காலஞ்சென்ற பாட்டனார் வடமோடிக் கூத்தாடிய காட்சி பதிந்த இறுவட்டொன்று அலுமாரியில் அகப்பட்டது. கீறல் விழுந்த அதனை முன்னர் முயன்ற மென்பொருள்கள் திறக்க மறுத்திருந்தன. வீஎல்சி, இடையிடையே சிதறியேனும், காட்டிற்று. 1996இல் பிரான்சில் மாணவர் முயற்சியாகத் தொடங்கி, 2001 முதல் கட்டற்ற அனுமதிப்பத்திரத்தின் கீழ் வழங்கப்பெறும் மென்பொருள் அது. மத்தளம் ஒலித்தபோது பாட்டியார் கதிரையின் கைப்பிடியில் விரலால் தாளமிட்டார். படம் உறைந்த இடங்களிலும் தாளத்தை விடவில்லை.

அக்காட்சியை அவன் எவரும் திறக்கக்கூடிய கோப்பாக மாற்றி மூன்று இடங்களிற் சேமித்தான். ஏதோவொரு நிறுவனம் கதவடைக்கும் நாளில் பாட்டனாரும் உள்ளே அகப்பட்டுவிடலாகாது என்பது அவன் எண்ணம். நண்பனின் கேள்விக்கு இது முழுமையான விடையன்று என்பதையும் அவன் அறிவான். ஆதலால் சனிக்கிழமைகளில் பாலத்தைக் கடந்து நண்பன் வீட்டுக்குச் செல்கின்றான். அங்குள்ள ஒரே விண்டோஸ் கணனியின் முன்னமர்ந்து, இருவரும் முறைவைத்து ஆடுகின்றனர்.