ஏழு நொடி டிரம்மும் இரண்டு திரைகளும்

ஷெஃபீல்டில் ஒரு பப்பின் மாடி அறை. மடக்கு மேசைகள், அவற்றின்மேல் மடிக்கணினிகள், சுவரோரம் இடுப்புயர ஸ்பீக்கர்கள். முதலில் வந்த பெண் வணக்கமும் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. வெற்றுத் திரையைப் புரொஜெக்டரில் போட்டுவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். சுவரில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு வரி முடிந்ததும் கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினார். பேஸ் டிரம் ‘தும்’ என்று கிளம்பியது. வரியின் நடுவே கர்சரைக் கொண்டுபோய் ஒரு நட்சத்திரக் குறியும் 4 என்ற எண்ணும் சேர்த்து மறுபடி என்டர். ஒரு தும் நான்கு தும் ஆயிற்று. இத்தனைக்கும் இசை ஒரு கணம்கூட நிற்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் ஆடினார்கள், மீதிப் பேர் சுவரைப் படித்தார்கள். ஆடிக்கொண்டே படித்தவர்களும் உண்டு.

இதற்கு லைவ் கோடிங் என்று பெயர். ஆடுவதற்கென்று கூட்டம் சேர்ந்தால் ஆல்கோரேவ். அந்தப் பெயரில் முதல் நிகழ்ச்சி 2012இல் லண்டனில் நடந்தது. பெயரிட்டவர்கள் அலெக்ஸ் மெக்லீன், நிக் காலின்ஸ் என்ற இருவர். அதில் ஒரு குறும்பும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வயல்வெளிகளில் அனுமதியில்லாமல் கூடி விடியவிடிய ஆடிய ரேவ் கூட்டங்களை அடக்க, 1994இல் ஒரு குற்றவியல் சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த இசையைத் தடுக்கிறோம் என்று சட்டம் சொல்லியாக வேண்டுமல்லவா? திரும்பத் திரும்ப வரும் தாளத் தட்டுகளைப் பெரிதும் கொண்ட ஒலி என்கிற பொருளில் எழுதிவைத்தார்கள். ஆல்கோரேவ்காரர்கள் அந்த வரையறையை அப்படியே எடுத்து, ‘தட்டு’ இருந்த இடத்தில் ‘நிபந்தனை’யைப் போட்டுக்கொண்டார்கள். நிரலில் ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்று வருமே, அந்த நிபந்தனை. சட்டப் புத்தகத்தையே சாம்பிள் எடுத்த கேலி.

ஊரும் இதற்கு ஏற்ற ஊர். எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டில் 1970களில் கபரே வோல்டேர், ஹியூமன் லீக் போன்ற குழுக்கள் சின்தசைசரோடு கிளம்பின. வார்ப் ரெக்கார்ட்ஸ் 1989இல் இங்கே தொடங்கியது. மெக்லீன் 2016இல் ஆல்கோமெக் விழாவை ஆரம்பித்ததும் இங்கேதான். அன்று மாலை கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் ரிவர் டான் என்ஜினைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். 1905ஆம் ஆண்டின் நீராவி இயந்திரம், 12,000 குதிரைத்திறன், போர்க்கப்பல்களுக்குக் கவசத் தகடு உருட்டியது. அதையும் மடிக்கணினியையும் முடிச்சுப்போட்டு ஏதாவது தத்துவம் பேச ஆசையாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

திரையை ஏன் காட்டுகிறார்கள்? மடிக்கணினி இசை மேடையேறிய புதிதில், கலைஞர் திரைக்குப் பின்னால் முகம் நீல வெளிச்சத்தில் தெரிய உட்கார்ந்திருப்பார். வாசிக்கிறாரா, மின்னஞ்சல் பார்க்கிறாரா என்று கேட்பவருக்குத் தெரியாது. 2004இல் ஹாம்பர்க்கில் கூடிய சிலர் டாப்லாப் என்ற அமைப்பைத் தொடங்கி ஓர் அறிக்கை எழுதினார்கள். செய்வதை மூடிவைக்காமல் திரையைக் காட்டு என்பது அதன் முக்கியமான கோரிக்கை. மெக்லீன் அப்போது ஸ்லப் என்ற குழுவில் பெர்ல் மொழியில் நிரல் எழுதி கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு ஹாஸ்கெல் மொழியின்மேல் அவர் கட்டியதுதான் டைடல் சைக்கிள்ஸ். அன்று சுவரில் நான் பார்த்த வரிகள் டைடல் வரிகள்.

டைடல் தானாக ஒலி எழுப்பாது. எது, எப்போது, எப்படி என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. ஒலியை உண்டாக்குவது சூப்பர்கொலைடர் என்ற இன்னொரு மென்பொருள், ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் வெளியிட்டது. டைடலுக்கு எல்லாமே சுழற்சி. ஒரு சுழற்சிக்குள் இரண்டு ஒலி எழுதினால் ஆளுக்குப் பாதி நேரம். ஐந்து எழுதினால் அதே நேரத்துக்குள் ஐந்து. ஒன்றை அடைப்புக்குள் போட்டு உள்ளே மூன்று வைத்தால், அந்த ஒன்றின் இடத்துக்குள் மூன்றும் நெருக்கியடித்து உட்காரும். மிருதங்கம் கற்ற எவருக்கும் இது புதிதல்ல. ஓர் ஒலியின் பக்கத்தில் 3, 8 என்று எழுதினால் எட்டு இடத்தில் மூன்று தட்டை முடிந்தவரை சமமாகப் பரப்பித் தரும்: தகிட தகிட தக. யூக்ளிட் மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடித்த அதே வழிமுறை உலகின் பல நாட்டார் தாளங்களைப் பிறப்பிக்கிறது என்று காட்ஃப்ரைட் டூசான் 2005இல் எழுதிக்காட்டினார். அது இங்கே இரண்டு எண்ணாகச் சுருங்கிக் கிடக்கிறது.

அந்த அடைப்புக்குறிகளின் பூர்வீகம் லக்னோ. ஜிம் கிப்பென் என்ற இசை ஆய்வாளர் அங்கே உஸ்தாத் அஃபாக் ஹுசேன் கானிடம் தபலா கற்றார். அவரும் பெர்னார்ட் பெல் என்ற ஆய்வாளரும் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில், காயிதா என்ற தபலா வாசிப்பு வடிவத்தின் விதிகளைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றார்கள். இயந்திரம் புதுப்புது சொற்கோவைகளை உண்டாக்கும், இது சரி, இது தப்பு என்று வித்வான் சொல்வார், விதி திருத்தப்படும். போல் ப்ராசஸர் என்ற அந்தக் கருவியின் இரண்டாம் பதிப்பில் இருந்த குறியீட்டு முறையைத்தான் மெக்லீன் டைடலுக்கு எடுத்துக்கொண்டார். பப்பின் மாடியில் ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்பது அநியாயம். நம் ஊர் சபாவிலும் எல்லோரும் கணக்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

நடுவில் ஒரு தடவை சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி கொட்டியது. எங்கோ ஓர் அடைப்பு மூடப்படவில்லை. கூட்டம் கைதட்டியது. இசை தடுமாறவில்லை: புதிய வரியை ஹாஸ்கெல் ஏற்காதவரை பழைய வரியே ஓடிக்கொண்டிருக்கும். மேடையில் தப்பு செய்வதற்கு இவ்வளவு மெத்தை போட்ட வாத்தியம் வேறில்லை என்று தோன்றியது. ஆனால் எல்லாத் தப்புக்கும் மெத்தை கிடையாது. இலக்கணப்படி சரியான ஒரு தப்பு நேர்ந்தால், உதாரணமாக ஒலி அளவில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டால், காது கிழியும்.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பின்னறையில் அவருடைய ஸ்டுடியோ. பகலில் அவர் விளம்பரங்களுக்கும் நிறுவனங்களின் காணொளிகளுக்கும் இசை போடுகிறார்; அதற்கு ஏபிள்டன் லைவ். கெர்ஹார்ட் பேலெஸ், ராபர்ட் ஹென்கே ஆகியோர் தங்கள் இசைத் தேவையிலிருந்து வளர்த்து, 2001இல் பெர்லினிலிருந்து வெளியிட்ட மென்பொருள். சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் புரோ டூல்ஸ், லாஜிக் திரைகளுக்கு முன்னால் கீபோர்டு புரோகிராமர்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அந்தத் திரை எனக்கு அந்நியமாக இல்லை. இடமிருந்து வலமாக நேரம். மேலிருந்து கீழாக டிராக்குகள். வண்ண வண்ணக் கட்டங்கள்.

“நேற்று சுவரில் செய்ததை இதில் செய்துகாட்ட முடியுமா?” என்று கேட்டேன். சிரித்தார். “இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்” என்று ஒரு டிரம் துண்டை எடுத்தார். அந்தத் துண்டைக் கேட்காத காது இருக்காது. தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969இல் வெளியிட்ட ஒரு பாட்டில் கிரெகரி கோல்மன் தனியாக வாசிக்கும் நான்கு பார், ஏறக்குறைய ஏழு நொடி. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அதன்மேல்தான் நிற்கின்றன. ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. கோல்மனுக்கு அதில் காசு வரவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார். எந்தக் கருவியில் வெட்டினாலும் வெட்டுப்படுவது அவர் கைதான்.

வேலை இது: துண்டை எட்டாகக் கீறி, மூன்று சுற்று நேராக ஓடவிட்டு, நான்காவது சுற்றில் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

ஏபிள்டனில் முதலில் துண்டை வேகத்தோடு பொருத்தினார். பிறகு மிடி டிராக்காகக் கீறச் சொன்னார். எட்டுத் துண்டும் எட்டுப் பொத்தான்களில் போய் அமர்ந்தன. பியானோ ரோலில் படிக்கட்டு மாதிரி எட்டு சுரம் வரைந்தார், மூன்று முறை நகலெடுத்தார், நான்காவதில் படிக்கட்டை இறங்குமுகமாகக் கவிழ்த்தார். பேசிக்கொண்டே செய்ததில் சில நிமிடம் ஆயிற்று. டைடலில் அது ஒரே வரி. எவ்ரி 4, ரெவ், சாப் 8, ஒலியின் பெயர். என்டர். தலைகீழ் பிடிக்கவில்லையா? ரெவ் இருந்த இடத்தில் இருமடங்கு வேகம் என்று மாற்று. நான்கு பிடிக்கவில்லையா? ஐந்து போடு. கூடவே ஒரு பேஸ் வரி நான்கு சுற்றிலேயே ஓடினால், டிரம்மின் சுற்றும் பேஸின் சுற்றும் ஒன்றுக்கொன்று விலகி, இருபது சுழற்சிக்கு ஒருமுறை சந்திக்கும். ஏபிள்டனின் இந்தத் திரையில் அதற்கு இருபது பாரையும் நிரப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கத் தோன்றியிருக்குமா என்பதே சந்தேகம்.

நான் மனதுக்குள் தீர்ப்பு எழுத ஆரம்பித்ததை முகத்தில் படித்துவிட்டார் போலிருக்கிறது. “சரி, ஏழாவது சுற்றில் மட்டும் இரண்டாவது ஸ்னேர் ஒரு மயிரிழை பிந்தி விழட்டும்” என்றார். ஏபிள்டனில் கட்டத்தின் பிடியைத் தளர்த்தி, அந்த ஒரு சுரத்தை எலியால் வலப்பக்கம் நகர்த்தினார். முடிந்தது. டைடலில் விதிவிலக்கையும் விதியாகத்தான் எழுத வேண்டும்: எத்தனாவது சுற்று, அதில் எந்தத் துண்டு, எவ்வளவு பிந்தி. எழுதினார். வரி மூன்றாக நீண்டது. மூன்றாவது வரியை எழுதும்போது ஸ்னேரை அவர் மறந்தே போயிருந்தார்; அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டு கருவிக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தா எலியா என்று பார்ப்பது மேம்போக்கு என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. நேரம் திரையில் எப்படிக் கிடக்கிறது என்பதுதான் விஷயம். ஏபிள்டனின் நீள்திரையில் பாட்டின் முடிவு முதலிலேயே வலது ஓரத்தில் தெரிகிறது. நடுவில் எங்கு வேண்டுமானாலும் போய்ச் செதுக்கலாம், பிடிக்காவிட்டால் பின்வாங்கலாம். டைடலில் முடிவு என்று ஒன்றில்லை, இந்தச் சுற்றும் அடுத்த சுற்றும் உண்டு. நிறுத்த வேண்டுமானால் ‘ஹஷ்’ என்று எழுத வேண்டும், மொத்தமும் அடங்கும். ஏபிள்டனிலும் சுழற்சிகளை மேடையில் அடுக்கி வாசிக்க இன்னொரு திரை உண்டுதான், அதனால் கோட்டை ரொம்பக் கறாராகக் கிழிக்கக் கூடாது. ஆனாலும் அங்கே சுழல்வது ஏற்கனவே செய்துவைத்த துண்டு. இங்கே துண்டு செய்யும் விதியே மேடையில் மாறுகிறது.

இதன் பலவீனமும் காதுக்குத் தெரிகிறது. அன்றிரவு கேட்டவற்றில் பல, முதல் பத்து நிமிடம் பிரமாதம். பிறகு அடுக்குவதும் உருவுவதுமாகவே போயிற்று. பல்லவியிலிருந்து சரணத்துக்குத் திரும்புவது மாதிரியான ஒரு திருப்பம் அபூர்வம். குரலுக்கு இடமே இல்லை. வந்தால் நறுக்கிய அசையாக வரும். ஒரு பாடகியின் மூச்சை எங்கே விடுவது, எங்கே வெட்டுவது என்று கோடம்பாக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறார்களே, அந்த வேலைக்கு நீள்திரைதான் வேண்டும்.

லைவ் கோடிங்கை ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட தனி ஆவர்த்தனத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நியாயம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அங்கும் சுழற்சி, விதி, கேட்பவர் கண்முன் கணக்கு கூடிவந்து சமத்தில் இறங்குவது. இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் ஒன்றும் இருக்கிறது: கை. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் உள்ளங்கையின் அழுத்தம் ஒவ்வொரு தடவையும் வேறு. என்டரை மெதுவாகத் தட்டினாலும் ஓங்கி அறைந்தாலும் ஒலி ஒன்றே. இதை அவரிடம் சொன்னேன். “உண்மை. நான் இப்போதைக்காக வாசிப்பதில்லை; எட்டு சுற்று தள்ளி என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். கை சும்மா எடுபிடி” என்றார்.

அவருடைய நண்பர் ஒருவர் பள்ளிகளில் சோனிக் பை சொல்லிக்கொடுக்கிறார், தேநீருக்கு வந்திருந்தார். கேம்பிரிட்ஜில் இருந்த சாம் ஆரன் 2012இல் ராஸ்பெரி பை என்ற மலிவுக் கணினிக்காக எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ‘பிளே 60’ என்று எழுதினால் பியானோவின் நடு சி ஒலிக்கும். சுழற்சிக்குள் ‘ஸ்லீப்’ போட மறந்தால், இந்த லூப் தூங்கவே இல்லை என்று பிழை காட்டும். பிள்ளைகள் அதற்கே விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். டைடலை நிறுவுவதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்பதால் இப்போது ஸ்ட்ரூடலையும் காட்டுகிறார்: ஃபீலிக்ஸ் ரூஸும் மெக்லீனும் 2022இல் தொடங்கியது, பிரவுசரைத் திறந்தால் போதும். பிளக்-இன் வாங்க வக்கில்லாத ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஏபிள்டனின் முழுப் பதிப்பு விலையில் அந்தப் பிள்ளை நல்ல கணினியே வாங்கிவிடலாம்.

பணம் பற்றிக் கேட்டேன். பப்பில் வாசலில் சேர்ந்ததை எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்கு ரயில் டிக்கெட்டுக்குச் சரியாக இருந்ததாம். வீட்டு வாடகை பகல் வேலையிலிருந்து வருகிறது. அவருடைய இசைத்தொகுப்பு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. டைடலில் வாசித்து, ஒவ்வொரு ஒலியையும் தனித்தனி டிராக்காகப் பதிந்து, ஏபிள்டனுக்குள் கொண்டுவந்து, நீளத்தைக் குறைத்து மிக்ஸிங் செய்கிறார். தூய்மைவாதிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? “அவர்களுடைய தொகுப்புகளை யார் மிக்ஸ் செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்” என்றார்.

பேச்சின் நடுவே ஒரு மின்னஞ்சல் வந்தது. காப்பீட்டு விளம்பரம் ஒன்றின் 30 நொடி இசையை 20 ஆக்க வேண்டும், கடைசியில் நிறுவனத்தின் பெயர் தோன்றும் இடத்தில் மணி ஒலி பிசகாமல் விழ வேண்டும், மாலைக்குள் வேண்டும். அவர் டைடல் சன்னலை மூடிவிட்டு ஏபிள்டனில் வலது ஓரத்துக்குப் போனார், மணியை முதலில் அதன் இடத்தில் நட்டார், அங்கிருந்து பின்னோக்கி வெட்டிக்கொண்டே வந்தார்.